வீட்டிலேயே ஸ்பானிஷ் படிக்க மாணவர்களுக்கு நல்ல வழி எது?

தண்டையார்பேட்டையில் இருக்கும் கல்லூரி மாணவர் ஒருவர், "வகுப்புக்குப் போக வசதியில்லை, ஆங்கிலமும் சுமார்தான், ஸ்பானிஷ் வருமா?" என்று கேட்டிருக்கிறார். வரும், தம்பி. ஆங்கிலம் வழியாகச் சுற்றிப் போகாமல் தமிழிலிருந்து நேராகப் போங்கள். பெரம்பூரில் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்கு நான் சொல்லித் தருகிறேன். ஆங்கிலம் வராது என்று தயங்கும் பிள்ளைகள் பலர் உச்சரிப்பில் முந்திக்கொள்கிறார்கள்.

ஸ்பானிஷில் உயிரொலிகள் அ, எ, இ, ஒ, உ என ஐந்துதான். ப, த, க மூன்றையும் நம்மைப் போலவே காற்றை ஊதாமல் சொல்வார்கள். வினையின் விகுதியே ஆளைக் காட்டிவிடும்: 'ஆப்லோ' என்றால் பேசுகிறேன், 'ஆப்லாஸ்' என்றால் பேசுகிறாய். 'நான்', 'நீ' தனியாக வேண்டாம். 'மே குஸ்தா எல் கஃபே' என்பது எனக்குக் காபி பிடிக்கும். அந்த 'மே' நம்முடைய 'எனக்கு'தான். ஆங்கில வழிப் புத்தகங்கள் இதைச் சுற்றிவளைத்து விளக்கும். நமக்கு ஒரு வரி போதும். அதனால் நோட்டில் ஒரு பக்கம் ஸ்பானிஷ், எதிர்ப்பக்கம் தமிழ் எழுதுங்கள்.

தினமும் அரை மணி நேரம், வாய்விட்டுப் படியுங்கள். வீட்டில் சத்தம் என்றால் மொட்டை மாடி இருக்கிறது. யூடியூபில் 'ட்ரீமிங் ஸ்பானிஷ்' சேனலில் புதிதாகத் தொடங்குபவர்களுக்காகப் படம் வரைந்து, கைஜாடை காட்டி ஸ்பானிஷிலேயே பேசுவார்கள். ஒரே காணொளியைத் திரும்பத் திரும்பப் பாருங்கள். அப்புறம் திரையைப் பார்க்காமல் காதால் மட்டும் கேட்டு, கூடவே சொல்லுங்கள்.

வியாசர்பாடி பக்கத்துப் பிள்ளைகளுக்குக் கால்பந்து என்றால் உயிர். அவர்களுக்கு மெஸ்ஸியின் பேட்டிகளைத்தான் போட்டுக் காட்டுவேன். 'பார்த்திதோ' (ஆட்டம்), 'எக்கிப்போ' (அணி) போன்ற சொற்கள் மறுபடி மறுபடி வரும். அவர் அர்ஜென்டினாவின் ரொசாரியோக்காரர். அங்கே 'யோ' (நான்) என்பது 'ஷோ' போல ஒலிக்கும், குழம்பவேண்டாம்.

தமிழ் கைகொடுக்காத இடம், உயிரில்லாத பொருளுக்கும் ஆண்பால் பெண்பால் உண்டு என்பது. ஆண்பால் சொல்லுக்கு முன்னால் 'எல்', பெண்பால் சொல்லுக்கு முன்னால் 'லா' வரும். 'லிப்ரோ' (புத்தகம்) என்று மட்டும் எழுதாமல் 'எல் லிப்ரோ' என்றும், 'மேசா' என்று எழுதாமல் 'லா மேசா' (நம் மேசைதான், போர்த்துகீசியர் வழியாக வந்தது) என்றும் சேர்த்தே எழுதி, சேர்த்தே சொல்லுங்கள். 'ஓ'வில் முடிவதெல்லாம் ஆண்பால் என்று முடிவு கட்டினால் 'மானோ'வில் (கை) சறுக்கும். அது 'லா மானோ'.