82 சதவீதம் பொருந்தினால் புது இனமா?

தம்பி, வெள்ளவத்தைக் கடலில் அள்ளிய கலனொய்ட் கொப்பிபொட்டின் (இறால், நண்டு வகையைச் சேர்ந்த மிகச் சிறிய மிதவை உயிரி) சிஓஐ மரபணு (இனத்தை அடையாளம் காணப் பயன்படுவது) ஜென்பேங்க் என்ற டி.என்.ஏ தரவுத்தளத்தில் 82 சதவீதம்தான் பொருந்துகிறது, புது இனமா என்று கேட்டிருந்தீர்கள். அவசரப்படாதீர்கள். ஆய்வாளர்கள் தொம்சனும் ஸ்கொட்டும் 1903இல் இலங்கைக் கொப்பிபொட்டுகளை விவரித்தது உடலமைப்பை வைத்துத்தான். பழைய இனங்கள் பலவற்றுக்கு இன்னும் டி.என்.ஏ பதிவே இல்லை. உங்களுடையதும் அப்படியொன்றாக இருக்கலாம்.

அதனால் உடலமைப்பையும் பாருங்கள். முதலில் முதிர்ந்த ஆண் ஒன்றைத் தேடுங்கள். கிளிசரின் துளியில் வைத்து, மெல்லிய ஊசியால் ஐந்தாம் காலைப் பிரித்தெடுங்கள். பெரும்பாலும் இடதும் வலதும் ஒன்றுபோல் இராது. ஒன்று பெண்ணைப் பற்றிக்கொள்ளக் கொடுக்குப் போல வளைந்திருக்கும். முட்களை ஒவ்வொன்றாக எண்ணி வரையுங்கள். நெருங்கிய இனங்கள் அந்தக் காலில்தான் வேறுபடும். பெண்ணின் ஐந்தாம் காலையும் பாருங்கள்.

மாதிரிகளைப் பதப்படுத்தும் ஃபோமலின் டி.என்.ஏயைக் கெடுத்துவிடும், அடுத்த முறை மாதிரியை 95 சதவீத எதனோலில் போடுங்கள்.