வடசென்னை மாலை நேர டியூஷன் சென்டரில் இன்டர்ன்ஷிப்: இரண்டு மாதத்தில் உருப்படியாக என்ன செய்யலாம்?

கேள்வி இதுதான்: "சமூகப்பணி முதலாமாண்டு படிக்கிறேன். வியாசர்பாடி பக்கம் ஒரு தொண்டு நிறுவனம் ஏழைக் குழந்தைகளுக்கு நடத்துகிற மாலை நேர வகுப்பில் இரண்டு மாதம் இன்டர்ன்ஷிப் கிடைத்திருக்கிறது. குழந்தைகளை எப்படி ஊக்கப்படுத்துவது?"

அந்த 'ஊக்கப்படுத்துவது'தான் என்னை எழுத உட்கார வைத்தது. வருஷா வருஷம் இன்டர்ன்கள் வருகிறார்கள். முதல் வாரம் சார்ட் பேப்பரில் டாக்டர், கலெக்டர் என்று எழுத வைக்கிறார்கள். கடைசி நாள் கேக் வெட்டுகிறார்கள். நடுவில் ஐந்தாம் வகுப்புப் பையனுக்கு 'தொட்டில்' என்ற சொல்லை வாசிக்க வரவில்லை என்பது யார் கண்ணிலும் படாமலே போய்விடுகிறது. இந்தப் பிள்ளைகளுக்கு ஆசைக்குக் குறைவில்லை. யாராவது பக்கத்தில் உட்கார்ந்து, எந்த எழுத்தில் தடுக்குகிறது என்று பார்த்து, அதை மட்டும் சரிசெய்து கொடுக்க வேண்டும். இரண்டு மாதத்தில் எட்டு பிள்ளைகளுக்கு அதைச் செய்ய முடியும். நாற்பது பேருக்கு முடியாது.

அதனால் சேர்ந்த அன்றே பொறுப்பாளரிடம் கேளுங்கள்: "அக்கா, எனக்கு ஒரு எட்டு பேரைக் கொடுங்க, கடைசி வரைக்கும் அதே எட்டு பேர்." பெரும்பாலான சென்டரில் ஒன்றாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரை கலந்து முப்பது, நாற்பது பேர் ஒரே ஹாலில் இருப்பார்கள், டீச்சர் ஒருவரோ இருவரோதான். தினம் ஒரு குழுவோடு உட்கார்ந்தால் எல்லாரோடும் சிரித்துப் பேசியது மட்டுமே மிஞ்சும்.

முதல் மூன்று நாள் பாடம் எடுக்காதீர்கள், சோதித்துப் பாருங்கள். ஒவ்வொரு பிள்ளையையும் தனியாகக் கூப்பிட்டு, மற்றவர்கள் காதில் விழாத தூரத்தில், நாலைந்து நிமிஷம் போதும். பிள்ளைகளின் வாசிப்பையும் கணக்கையும் சோதிக்கிற 'ஆசர்' (ASER) கணக்கெடுப்பில் பயன்படுத்தும் படிநிலைகளே வசதி: எழுத்து, சொல், ஒன்றாம் வகுப்பு அளவில் நாலு வரிப் பத்தி, இரண்டாம் வகுப்பு அளவில் சின்னக் கதை. தடுக்காமல் வாசிக்கிற படிதான் அந்தப் பிள்ளையின் நிலை. ஸ்கூலில் எந்த வகுப்பு என்பதை மறந்துவிடுங்கள். பாடப்புத்தகத்திலிருந்து பத்தியை எடுக்கக் கூடாது. பாதிப் பேர் பாடத்தை மனப்பாடமாகச் சொல்வார்கள், விரலும் வரி வரியாக நகரும், பார்க்கிறவருக்கு வாசிப்பது போலவே இருக்கும். நடுவரியில் ஒரு சொல்லைத் தொட்டு "இது என்ன?" என்று கேட்டால் குட்டு வெளிப்பட்டுவிடும். அதனால் பத்தியை நீங்களே எழுதிக்கொண்டு போங்கள்.

கையெழுத்தைப் பார்த்தும் ஏமாறக் கூடாது. முத்து முத்தாக எழுதுகிற பிள்ளை வாசிக்கத் தெரியாமல் இருக்கும், ஏனென்றால் பல வருஷமாகப் போர்டைப் பார்த்து வரைந்திருக்கிறது, அவ்வளவுதான்.

எங்கே தடுக்கும் என்பது அநேகமாக முன்கூட்டியே தெரிந்த விஷயம். உயிரும் மெய்யும் பாட்டாகப் பாடிவிடுவார்கள். கொம்பு, கால் போன்ற குறியில்தான் சிக்கல். 'தொட்டில்' என்பதைக் கையால் தொட்டு வாசிக்கும்போது கவனியுங்கள். விரல் முதலில் கொம்பில் நிற்கும். அடுத்து 'த'. "தெ..." என்று தொடங்கும். அதற்குள் பின்னால் கால் வந்துவிடும். "தெ... தா..." என்று குழம்பி உங்கள் முகத்தைப் பார்க்கும். கண் இடமிருந்து வலமாகப் போகிறது, ஆனால் 'தொ' என்கிற ஒரே ஒலி எழுத்துக்கு இரண்டு பக்கமும் பிரிந்து நிற்கிறது. இதைத் திட்டியோ, பத்து தரம் இம்போசிஷன் எழுத வைத்தோ சரிசெய்ய முடியாது.

ஒரு அட்டை போதும். தினசரி காலண்டரின் பின்னட்டையில் உள்ளங்கை அளவு வெட்டி, நடுவில் ஓர் அங்குலச் சதுர ஜன்னல் போடுங்கள். ஜன்னலுக்கு இடப்பக்கம் ஒற்றைக் கொம்பு, வலப்பக்கம் கால், மார்க்கரில் தடிமனாக. தனியாக ஒரு நீளத் துண்டில் க, ச, ட, த, ப, ம, வ என்று ஜன்னலுக்குச் சரியான இடைவெளி விட்டு எழுதி, பின்னால் சொருகி இழுத்தால் கொ, சொ, டொ, தொ என்று மாறிக்கொண்டே வரும். தினம் ஐந்து நிமிஷம். ஒற்றைக் கொம்பு தடுக்காமல் வந்தபிறகுதான் இரட்டைக் கொம்பு அட்டை. இரண்டையும் ஒரே நாளில் காட்டினால் இரண்டும் போச்சு. 'கௌ' இப்போதைக்கு வேண்டாம், அதிலுள்ள 'ள' போன்ற வடிவத்தைப் பார்த்து 'கெள' என்றுதான் வாசிப்பார்கள்.

அடுத்த பள்ளம் உகர வரிசை. 'கா, சா, தா' எல்லாவற்றுக்கும் ஒரே கால்தான். ஆனால் கு, சு, து மூன்றுக்கும் மூன்று வடிவம். டு, மு, ரு, ழு, ளு எல்லாம் 'கு' கூட்டம். பு, யு, வு எல்லாம் 'சு' கூட்டம். நு, ணு, லு, று, னு எல்லாம் 'து' கூட்டம். அரிச்சுவடி வரிசையில் சொல்லிக்கொடுத்தால் வடிவம் மாறி மாறி வந்து குழப்பும். கூட்டம் கூட்டமாகப் பிரித்து, ஒரு வாரத்துக்கு ஒரு கூட்டம்.

பேச்சைத் திருத்தாதீர்கள். பிள்ளை "வூட்டாண்ட போய்கினு இருந்தேன்" என்றால் அது அவர்கள் வீட்டுத் தமிழ், தப்பே கிடையாது. கேட்டபடியே 'வூடு' என்று எழுதினால், ஒலியைச் சரியாகப் பிடித்து எழுதியிருக்கிறது என்று முதலில் பாராட்டிவிட்டு, "புஸ்தகத்துல 'வீடு'ன்னு எழுதுவாங்க" என்று பக்கத்தில் எழுதிக் காட்டுங்கள். சிரித்தால் அடுத்த நாளிலிருந்து அந்தப் பிள்ளை வாயே திறக்காது. வீட்டில் தெலுங்கோ உருதுவோ பேசுகிற பிள்ளைகளும் இருப்பார்கள். அவர்களுக்குச் சொல்லை வாசிப்பதோடு அர்த்தமும் சொல்லித்தர வேண்டியிருக்கும்.

கணக்கில் 52 - 27 கொடுத்துப் பாருங்கள். 35 என்று விடை வந்தால், இரண்டிலிருந்து ஏழு போகாது என்பதால் ஏழிலிருந்து இரண்டைக் கழித்திருக்கிறது. அதே பிள்ளையிடம் "52 ரூபா வெச்சிருக்க, கடையில 27 ரூபாய்க்கு வாங்குன, மீதி?" என்றால் அண்ணாந்து பார்த்துவிட்டு "25" என்று சொல்லிவிடும். கணக்கு தெரிகிறது, காகிதத்தில் எழுதுகிற முறைதான் புரியவில்லை. நூறு ஐஸ் குச்சியும் பத்து ரப்பர் பேண்டும் வாங்குங்கள். ஐந்து கட்டு, இரண்டு உதிரி. ஏழு எடுக்க வேண்டுமென்றால் ஒரு கட்டைப் பிரிக்க வேண்டும் என்பதைப் பிள்ளையின் கையே செய்யட்டும். கடன் வாங்குவது என்ற வார்த்தையைப் பிறகு சொல்லலாம். இன்னொன்று, தமிழில் எண் சொல்லி எழுதச் சொல்லும்போது தொண்ணூறும் தொள்ளாயிரமும் மாறும். 'தொண்ணூறு' என்பதில் நூறு ஒலிப்பதால் 900 என்று எழுதுவார்கள். அது கவனக்குறைவு இல்லை, காதில் விழுந்ததை எழுதியிருக்கிறார்கள்.

ஹோம்வொர்க்குதான் எல்லாவற்றையும் தின்னும். ஐந்து மணிக்கு வந்ததும் நோட்டைத் திறந்து, நோட்ஸைப் பார்த்துக் காப்பியடிக்க ஆரம்பித்தால் ஏழு மணி வரை அதுவேதான். ஒரேயடியாக நிறுத்தவும் முடியாது, முடிக்காமல் போனால் மறுநாள் ஸ்கூலில் திட்டு வாங்குவது பிள்ளைதான். ஆகவே முதலில் வாசிப்பு 40 நிமிஷம், பிறகு கணக்கு 30 நிமிஷம், ஹோம்வொர்க் கடைசி அரை மணி. கேரம் போர்டு இருந்தால் முடித்தவர்களுக்கு அது. அரசுப் பள்ளி டீச்சர்களைக் குறை சொல்கிறேன் என்று யாரும் கிளம்ப வேண்டாம். கோவிட் அடைப்பில் விட்டுப்போன படிப்பைப் பிடிக்க 2021-இல் 'இல்லம் தேடிக் கல்வி' தொடங்கினார்கள், 2022-இல் 'எண்ணும் எழுத்தும்' வந்தது. இரண்டுமே நான் சொல்கிற இதே அடிப்படை வேலைதான். ஒரு வகுப்பறையில் முப்பத்தைந்து பேரை வைத்துக்கொண்டு ஒருவருக்காகக் கொம்பு அட்டை இழுக்க எந்த டீச்சருக்கும் நேரம் இருக்காது. மாலை வகுப்பு இருப்பதே அதற்குத்தான்.

சென்டரில் கொடுக்கிற சுண்டல் விஷயத்தில் எனக்குக் கறாரான கருத்து உண்டு. சில இடங்களில் பிள்ளைகள் கடைசி வரை இருக்க வேண்டும் என்று முடியும்போது கொடுப்பார்கள். மத்தியானம் சத்துணவு சாப்பிட்ட பிள்ளைக்கு ஐந்து மணிக்கு வயிறு காலி. பசியோடு கொம்பும் காலும் ஏறாது. வந்தவுடன் கை கழுவ வைத்து முதலில் கொடுங்கள். நாற்பது பேருக்குக் காய்ந்த கொண்டைக்கடலை 1.2 கிலோ சரியாக இருக்கும், ஆளுக்கு 30 கிராம். வெந்தால் இரண்டு மடங்கு ஆகிவிடும். நம்ம ஊர் வெயிலில் முந்தின நாள் ராத்திரி ஊறவைத்துச் சாயங்காலம் வரை விட்டால் நுரை கட்டிப் புளித்த வாடை வரும். காலை ஏழு மணிக்கு ஊறவைத்து, மத்தியானம் ஒரு தரம் தண்ணி மாற்றி, நாலு மணிக்குக் குக்கரில் போட வேண்டும்.

வருகைப் பதிவேட்டைத் தினமும் படியுங்கள். ஒரு பெண் குழந்தை வாரத்தில் குறிப்பிட்ட இரண்டு நாள் மட்டும் வரவில்லை என்றால் தண்ணி லாரி வருகிற நாளா, தம்பியைப் பார்த்துக்கொள்கிற நாளா என்று விசாரியுங்கள். காசிமேடு, ராயபுரம் பக்கம் என்றால் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், 61 நாள். வீட்டில் வருமானம் சுருங்குகிற அந்த நேரத்தில் பெரிய பையன்கள் வேலைக்குப் போக ஆரம்பித்தால், ஜூனில் ஸ்கூல் திறக்கும்போது திரும்பி வருவது கஷ்டம். வடகிழக்குப் பருவமழையில் புளியந்தோப்பு, வியாசர்பாடி தெருக்களில் தண்ணி நிற்கும். ஐப்பசி வருவதற்கு முன்பே நோட்டு, அட்டை எல்லாவற்றையும் மூடிபோட்ட பிளாஸ்டிக் டிரம்மில் போட்டுப் பரண்மேல் ஏற்றிவிட வேண்டும். வருஷத்தின் நடுவில் குடியிருப்பை இடித்து, ஊருக்குத் தெற்கே தள்ளியிருக்கும் பெரும்பாக்கம் பக்கம் அனுப்பிவிட்டால் வருகைப் பதிவேட்டில் மொத்தமாகப் பல பெயர் காணாமல் போகும். அதற்கு உங்களால் செய்ய முடிவது, பிள்ளையின் எமிஸ் எண்ணும் (பள்ளிக் கல்வித் துறைப் பதிவில் உள்ள மாணவர் அடையாள எண்) மாற்றுச் சான்றிதழும் பெற்றோர் கையில் இருக்கிறதா என்று பார்ப்பது.

வீட்டுக்குப் போகும்போது குறை சொல்லித் தொடங்காதீர்கள். நீங்கள் சொல்கிற "சரியா படிக்கல" என்பது ராத்திரி அடியாக விழும். "அம்மா, உங்க பொண்ணு இந்த வாரம் 'து' வரிசை முடிச்சிட்டா" என்று தொடங்குங்கள். "அடிச்சுச் சொல்லிக்கொடுங்க மிஸ்" என்று பெற்றோரே சொல்வார்கள். அடிக்கக் கூடாது, அடிப்பேன் என்று மிரட்டவும் கூடாது. டீயோ கலரோ கொடுத்தால் மறுக்காதீர்கள்.

பாதுகாப்பு விஷயத்தில் பேரமே கிடையாது. ஒரு பிள்ளையோடு மூடிய அறையில் தனியாக இருக்காதீர்கள். உங்கள் நம்பரைப் பிள்ளைகளிடம் கொடுக்காதீர்கள். முகம் தெரியும் போட்டோ ஸ்டேட்டஸில் வேண்டவே வேண்டாம். தன்னை யாரோ தொட்டதாகவோ துன்புறுத்துவதாகவோ ஒரு பிள்ளை சொன்னால் நடுவில் கேள்வி கேட்டுத் துருவாதீர்கள். "யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்று வாக்கும் கொடுக்காதீர்கள். அது சொன்ன வார்த்தைகளை அப்படியே எழுதி, அன்றைக்கே பொறுப்பாளரிடம் கொடுங்கள். 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி பாலியல் குற்றம் பற்றித் தெரிந்தவர் போலீஸில் சொல்லியே ஆக வேண்டும். சொல்லாமல் மறைப்பது தண்டனைக்குரியது. பொறுப்பாளர் இழுத்தடித்தால் குழந்தைகள் உதவி எண் 1098 இருக்கிறது.

கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் சொல்கிறேன். எண்ணூர் நெடுஞ்சாலையில் துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நிற்கும்போது, இரண்டு லாரிக்கு நடுவே புகுந்துதான் பிள்ளைகள் ரோட்டைக் கடக்கிறார்கள். அவ்வளவு உயரத்தில் உட்கார்ந்திருக்கும் டிரைவருக்கு வண்டி மூக்குக்குக் கீழே நிற்கிற ஆறு வயசுப் பிள்ளை தெரியாது. துறைமுகம், அனல்மின் நிலையம், மணலி ஆலைகள், கொடுங்கையூர் குப்பைக் கிடங்கு எல்லாம் ஊருக்கு வேண்டும். வியாசர்பாடி என்று சொன்னால் மட்டும் "அந்த ஏரியாவா?" என்று முகம் சுளிப்பார்கள். உங்கள் வீட்டிலும் அப்படிக் கேட்பார்கள். வியாசர்பாடி ஜீவா ஸ்டேஷனிலிருந்து மின்சார ரயில் இருக்கிறது, ஏழரைக்குக் கிளம்பினால் வீடு போய்ச் சேரலாம் என்று சொல்லுங்கள்.

என்.ஜி.ஓ. என்றாலே ஏமாற்று என்று கமென்ட் போட வருகிறவர்களுக்கு: மோசமானவையும் உண்டு, மறுக்கவில்லை. சான்றிதழுக்குப் பணம் கேட்கிற இடம், போலீஸ் சரிபார்ப்போ அடையாள அட்டை நகலோ கேட்காமல் பிள்ளைகளோடு உட்கார விடுகிற இடம், இந்த இரண்டுக்கும் போகாதீர்கள்.

கிளம்பும் தேதியை முதல் வாரமே பிள்ளைகளிடம் சொல்லிவிடுங்கள். திடீரென்று காணாமல் போகிற அக்காக்களையும் அண்ணாக்களையும் அவர்கள் நிறையப் பார்த்துவிட்டார்கள். ஒரு 80 பக்க நோட்டு வாங்கி ஒரு பிள்ளைக்கு ஐந்து இதழ் ஒதுக்குங்கள். தேதி, என்ன வாசித்தது, எங்கே தடுக்கியது, தினம் இரண்டு வரி. "நல்ல முன்னேற்றம்" என்று எழுதினால் அடுத்து வருகிறவருக்கு ஒன்றும் புரியாது. இப்படி எழுதுங்கள்: "ஒற்றைக் கொம்பு தடுக்காமல் வருகிறது. 'கொ' அட்டையில் 'த' வரை முடிந்தது, 'பொ' இரண்டு தரம் 'பெ' ஆனது. நாளைக்கு 'பொ'விலிருந்து தொடங்க வேண்டும்."