ஸ்கூலுக்கு அனுப்பினால் விளையாடுகிறான்

வணக்கம். வியாசர்பாடியில் இருக்கிறோம். பையனுக்கு மூன்றே கால் வயது. பக்கத்துத் தெரு மழலையர் பள்ளியில் சேர்த்திருக்கிறோம். தினமும் சட்டையை நனைத்துக்கொண்டு வருகிறான். கேட்டால் தண்ணி ஊத்தினேன், புளியங்கொட்டை பொறுக்கினேன் என்கிறான். நோட்டில் ஓர் எழுத்து இல்லை. எதிர்வீட்டுக் குழந்தை 50 வரை சொல்கிறது. "விளையாடறதுக்கா ஃபீஸ் கட்டறீங்க?" என்கிறார் மாமியார். வேறு ஸ்கூலுக்கு மாற்றிவிடலாமா?

வாசகி, வியாசர்பாடி (பெயர் வேண்டாம் என்று கேட்டிருந்தார்)

அன்புள்ள வாசகிக்கு,

அவசரப்பட்டு மாற்ற வேண்டாம்.

அவன் தண்ணீர் ஊற்றும்போது ஒருநாள் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். சொம்பிலிருந்து டம்ளருக்கு ஊற்றுகிறான். முதலில் தரையெல்லாம் தண்ணீர். போகப்போகச் சொம்பைச் சாய்க்கும் வேகம் குறையும். கண் டம்ளரின் விளிம்பிலேயே நிற்கும். வழியப் போகும் நேரத்தில் மணிக்கட்டு சட்டென்று நிமிரும். எங்கே நிறுத்துவது என்பதை யாரும் வாயால் சொல்லித்தர முடியாது, கொட்டிக் கொட்டித்தான் கைக்கு வரும். நாளைக்கு எழுதப்போவதும் இதே மணிக்கட்டுதான். அதிலுள்ள 8 சின்ன எலும்புகளில் பாதிக்கு மேல் இந்த வயதில் இன்னும் குருத்தெலும்பாகத்தான் இருக்கும். அந்தக் கையில் பென்சிலைத் திணித்து வரிவரியாக எழுத வைப்பது எனக்குக் கொஞ்சமும் சம்மதமில்லை. புளியங்கொட்டையை மூன்று விரலால் எடுக்கிறானே, பென்சில் பிடிக்க அதுதான் பயிற்சி.

எண்களும் அப்படித்தான். 50 வரை ஒப்பிக்கும் 3 வயதுக் குழந்தையிடம் "நாலு கொட்டை எடுத்துக் குடு கண்ணு" என்று கேட்டால், பல குழந்தைகள் ஒரு கை அள்ளிக் கொடுத்துவிடும். அது குழந்தையின் குறையில்லை. நாலு என்றால் எவ்வளவு என்பது ஒவ்வொன்றாக எடுத்து வைத்தால்தான் பிடிபடும்.

இதெல்லாம் வசதியான வீட்டுப் பிள்ளைகளுக்கு என்று நினைத்துவிடாதீர்கள். இப்படிக் கையால் செய்து பழகும் கல்விமுறையை உருவாக்கிய இத்தாலிய டாக்டர் மரியா மாண்டிசோரி 1907இல் முதல் பள்ளியைத் தொடங்கியது ரோமில், சான் லொரென்சோ என்ற கூலித்தொழிலாளர் குடியிருப்பில். தாய் தகப்பன் வேலைக்குப் போனபின் பார்த்துக்கொள்ள ஆளில்லாத பிள்ளைகளுக்காக. 1939இல் அவரே இங்கு வந்து அடையாறில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். அடையாறுக்கு அன்றே வந்தது வடசென்னையின் ஒவ்வொரு பால்வாடிக்கும் வந்து சேர வேண்டும் என்பது என் தீராத ஆசை.

லாரித் தண்ணீருக்குக் குடத்தை வரிசையில் வைக்கும் தெருவில் தண்ணீர் விளையாட்டு என்றால் மனசு பதறத்தான் செய்யும். சின்ன வாளி ஒன்று போதும். முடிந்ததும் அதையே வாசலுக்குத் தெளித்துவிடலாம்.

மாமியார் பட்டாணி உரிக்கும்போது பேரனையும் பக்கத்தில் உட்கார வையுங்கள். அவன் விரல் என்ன செய்கிறது என்று அவரே பார்க்கட்டும். மூக்கில் போட்டுக்கொள்ளும் வயது, கண் மட்டும் அவன்மேல் இருக்க வேண்டும்.

அப்புறம், ஸ்கூலில் ஒன்றைக் கவனியுங்கள். மிஸ் தரையில் உட்கார்ந்து பிள்ளைகளோடு பேசுகிறாரா? "வழியுது பாரு, இதுல கொஞ்சம்தான் இருக்கு, அதுல நிறைய" என்று பேச்சு ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். சாமான்களைக் கொட்டிவிட்டு அவர் போனைப் பார்த்துக்கொண்டிருந்தால் சொல்லுங்கள், மாற்றச் சொல்லி நானே சொல்கிறேன்.