ஐந்நூறு ரூபாயோடு முடித்துக்கொள்ளலாமா?

கேள்வி: என் அப்பாவுக்கு 63 வயது. சைக்கிளில் வீடு வீடாகப் பால் ஊற்றுகிறார். 10 நாள் முன்பு அடுத்த தெருவில் ஒரு வீட்டு வாசலில் மணி அடித்தபோது, கட்டாமல் விட்டிருந்த நாய் பாய்ந்து ஆடுசதையைக் கவ்விவிட்டது. அரசு மருத்துவமனையில் காயத்தைச் சுற்றி ஒரு மருந்து போட்டார்கள், 3 ஊசியும் ஆயிற்று. 28-ஆம் நாள் ஊசி தேவையில்லை, வலியே இல்லை என்கிறார் அப்பா. மூன்று வாரம் சைக்கிள் மிதிக்கக் கூடாதென்று டாக்டர் சொல்லியிருக்கிறார். நாய்க்காரர் 500 ரூபாய் கொடுத்து, “எங்க நாய்க்கு ஊசி போட்டிருக்கு, பயப்படாதீங்க” என்றார். அதே நாய் முன்பு கேஸ் சிலிண்டர் போட வந்தவரையும் கடித்திருக்கிறது. ஸ்டேஷனில், பேசி முடித்துக்கொள்ளச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். நாங்கள் என்ன செய்யலாம்?
– வாசகி, கரூர் மாவட்டம்

பதில்: முதலில் அந்த 28-ஆம் நாள் ஊசி. அப்பாவைக் கையைப் பிடித்தாவது கூட்டிப் போங்கள், அம்மா. எனக்கு எட்டு வயதில் நாய் கடித்தது. அப்போதெல்லாம் தொப்புளைச் சுற்றி 14 ஊசி. ஒவ்வொரு நாளும் பாட்டி என்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினார், ஒரு நாள் விடவில்லை. இன்று கையில் போடும் ஊசி, அரசு மருத்துவமனையில் காசும் கிடையாது. ரேபிஸ் வந்துவிட்டால் பிழைப்பது அநேகமாக இல்லை. நாய்க்கு ஊசி போட்டாயிற்று என்ற வாய்வார்த்தையை நம்பி மனிதருக்குப் போடும் ஊசியை நிறுத்தக் கூடாது.

அப்புறம், அப்பாவின் ஓ.பி. சீட்டை எடுத்துப் பாருங்கள். ‘நாய்க்கடி’ என்று எழுதியிருக்கிறதா? என்னிடம் வந்த ஒரு வழக்கில் சீட்டில் ‘காலில் காயம்’ என்று மட்டும் இருந்தது. நாய் கடிக்கவே இல்லை, ஆணி கிழித்தது என்று எதிர்த்தரப்பு வாதாடியது. அந்த ஒரு வார்த்தையைச் சரிசெய்ய நான்கு மாதம் அலைந்தோம். உங்கள் சீட்டில் இல்லாவிட்டால் இந்த வாரமே அதே டாக்டரிடம் போய் எழுதி வாங்கிவிடுங்கள். காயம் ஆறுவதற்குள் நல்ல வெளிச்சத்தில் படமும் எடுத்துவையுங்கள்.

ஸ்டேஷனில் சொன்னது சரியல்ல. பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 291-ஆவது பிரிவு, தன் வசமுள்ள விலங்கால் பிறருக்கு ஆபத்து வராதபடி பார்த்துக்கொள்ளாதவருக்கு 6 மாதம் வரை சிறை, 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்கிறது. ‘வசம்’ என்ற சொல்லைக் கவனியுங்கள். ‘அது என் மச்சான் நாய், நான் சும்மா பார்த்துக்கறேன்’ என்று நழுவ முடியாது. வாரண்ட் இல்லாமலே போலீஸ் நடவடிக்கை எடுக்கக்கூடிய குற்றம் இது. ஆகவே வாய்மொழியாகச் சொல்லாமல் எழுத்தில் புகார் கொடுங்கள். தேதி, நேரம், நாய் கட்டப்படவில்லை என்பது, பார்த்தவர் பெயர் எல்லாம் இருக்கட்டும். சிலிண்டர்காரரைக் கடித்த விஷயத்தைத் தனிப் பத்தியாகவே எழுதுங்கள். நாயின் குணம் தெரிந்தும் அவிழ்த்துவிட்டார் என்பதுதான் உங்கள் பக்கத்தின் பலம். அந்தச் சிலிண்டர்காரரே வந்து சாட்சி சொல்வாரா என்றும் கேட்டுப் பாருங்கள்.

புகாருக்கு ரசீது கேளுங்கள். எப்.ஐ.ஆர். போட மறுத்தால் அதே புகாரை மாவட்ட எஸ்.பி.க்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். அங்கும் நடக்காவிட்டால் மாஜிஸ்திரேட்டிடம் மனுப் போடலாம்.

ஆனால் கிரிமினல் வழக்கில் பெரிய பணம் வரும் என்று நினைக்காதீர்கள். இழப்பீடு என்பது சிவில் பக்கம். உட்கார்ந்து ஒரு கணக்குப் போடுவோம். அப்பாவுக்கு ஒரு நாள் பாலில் கையில் நிற்பது 600 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், 21 நாளுக்கு 12,600. ஊசிக்குப் போய்வர ஆட்டோ நான்கு முறை, முறைக்கு 300 என்றால் 1,200. இதுவே 13,800 ஆகிவிட்டது. வலிக்கும் அலைச்சலுக்கும் இன்னும் எதுவும் சேர்க்கவில்லை. இதற்கு எதிரே அந்த 500 ரூபாய் என்ன என்று நீங்களே பாருங்கள். அதை வாங்கியதால் உரிமை போய்விடாது. ‘இத்துடன் தீர்ந்தது’ என்று எதிலாவது அப்பா கையெழுத்துப் போட்டாரா என்பதை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். பால் சொசைட்டிப் புத்தகமோ வாடிக்கையாளர் கணக்கு நோட்டோ இருந்தால் பத்திரம். வருமானத்துக்கு அதுதான் சான்று.

ஒரே ஊர், நாளைக்கும் முகத்தில் விழிக்க வேண்டும் என்ற தயக்கம் உங்கள் கடிதத்தில் தெரிகிறது. அதனால் நேராக சிவில் கோர்ட்டுக்குப் போகச் சொல்ல மாட்டேன். இலவசச் சட்ட உதவி தரும் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் ஒரு மனு கொடுங்கள். நாய்க்காரரையும் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசுவார்கள். ஒத்துப்போனால் லோக் அதாலத்தில், அதாவது சமரசம் பேசி முடிக்கும் மக்கள் நீதிமன்றத்தில், உத்தரவாகிவிடும். அது கோர்ட் தீர்ப்புக்குச் சமம், மேல்முறையீடு இல்லை. கட்டணமும் இல்லை. 15100 என்ற சட்ட உதவித் தொலைபேசி எண்ணில் விவரம் கேட்கலாம். பேச்சு முறிந்தால் வக்கீல் நோட்டீஸ், அப்புறம் முன்சீப் கோர்ட்டில் வழக்கு. எதற்கும் ஒரு வருடம் தாண்ட விடாதீர்கள்.

கேள்வி: பள்ளி வாசலில் என் 7 வயது மகனைத் தெருநாய் கடித்துவிட்டது. ஒரு பல் தடத்துக்கு 10,000 ரூபாய் தருவார்கள் என்று வாட்ஸ்அப்பில் வந்தது. உண்மையா?
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: அந்தத் தீர்ப்பு உண்மை, ஆனால் நம் ஊருக்கு அல்ல. 2023 நவம்பரில் பஞ்சாப் – ஹரியானா உயர் நீதிமன்றம் சொன்னது அது. பல் தடம் ஒன்றுக்குக் குறைந்தது 10,000, சதை பிய்ந்திருந்தால் காயத்தின் ஒவ்வொரு 0.2 செ.மீ.க்கும் குறைந்தது 20,000. பஞ்சாப், ஹரியானா, சண்டிகருக்கு மட்டுமே அது கட்டுப்படும். இங்கே மாநகராட்சி ஆணையருக்கு இழப்பீடு கேட்டு மனு கொடுத்து, ஒப்புகை வாங்கிக்கொண்டு, பதில் இல்லாவிட்டால் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் ரிட் மனு, அதாவது மாநகராட்சிக்கு உத்தரவிடக் கோரும் மனு, போடலாம். பஞ்சாப் தீர்ப்பை அங்கே எடுத்துக்காட்டலாம். ஏற்பதும் விடுவதும் நீதிபதி கையில்.

உங்களுக்கு இன்னொரு பிடி இருக்கிறது. பள்ளி, மருத்துவமனை, பஸ் நிலையம் போன்ற இடங்களிலிருந்து தெருநாய்களை அகற்ற வேண்டும், கருத்தடையும் தடுப்பூசியும் போட்டபின் அதே இடத்தில் திரும்ப விடக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2025 நவம்பர் 7 அன்று உத்தரவிட்டது. கடித்த இடம் பள்ளி வளாகமா, வெளியே ரோடா என்பதைத் தெளிவாக எழுதுங்கள். அந்த நாய்களைப் பற்றி பள்ளியோ அக்கம்பக்கத்தாரோ முன்பே கொடுத்த மனுக்கள் இருந்தால் நகல் தேடுங்கள். தெரிந்தும் கவனிக்கவில்லை என்று காட்ட அவை வேண்டும்.

கோபத்தில் யாரும் விஷம் வைத்துவிடாமல் பாருங்கள், அது 5 ஆண்டு வரை சிறைக்குரிய குற்றம். மகன் சிறுவன் என்பதால் உங்கள் வருமானம் எவ்வளவாக இருந்தாலும் அவனுக்கு இலவசமாக வக்கீல் வைத்துத் தரச் சட்டத்தில் இடம் இருக்கிறது. மதுரைக் கிளையிலேயே சட்டப் பணிக் குழு இருக்கிறது. ஓ.பி. சீட்டும் மனுவின் ஒப்புகையும் எடுத்துக்கொண்டு அங்கே போங்கள்.