எழுத்துகள் தெரிந்தும் சொற்களில் தடுமாறும் மகள்: கடலூர் சகோதரிக்குப் பதில்

வணக்கம் சகோதரி. முதல் வகுப்பில் படிக்கும் உங்கள் மகள் 247 எழுத்துகளையும் ஒப்பித்துவிட்டு, ‘கொடி’ என்ற சொல்லை வாசிக்க முடியாமல் நிற்பதாக எழுதியிருக்கிறீர்கள். வரிசையாக ஒப்பிப்பது வேறு, வாசிப்பது வேறு. ஒற்றைக் கொம்பு மெய்க்கு இடப்பக்கம் நின்றாலும் அதன் உயிரொலி மெய்யொலிக்குப் பின்னரே வருவதாலும், ‘கொ’வில் கொம்பும் காலும் இருபுறமும் சூழ்ந்துகொள்வதாலும், இடமிருந்து வலமாகப் பார்த்துப் பழகும் குழந்தை குழம்புவது இயல்பே. அக்கம்பக்கத்தார் மந்தம் என்று சொல்வதைக் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

எழுத்து அட்டவணையைச் சில நாள் மூடி வையுங்கள். க, கா, கெ, கே, கொ, கோ ஆகிய ஆறையும் அட்டைகளில் எழுதிக் கலைத்துப்போட்டு, எடுத்ததை உரக்கச் சொல்லச் செய்யுங்கள். பேருந்து நிலையத்துக்குப் போகும்போது ‘நெல்லிக்குப்பம்’, ‘நெய்வேலி’ பலகைகளை அவளையே வாசிக்க விடுங்கள். பின்னது ஒரே சொல்லில் குறில் கொம்பையும் நெடில் கொம்பையும் காட்டிவிடும்.