படகு ஜிபிஎஸ் காரில் வழி சொல்லுமா?

கேள்வி: தொண்டியில் இருக்கிறோம். மாதம் ஒருமுறை குடும்பத்தோடு காரில் ராமேஸ்வரம், தனுஷ்கோடி, ஏர்வாடி என்று போய்வருவோம். போனில் மேப் போட்டால் அரை மணி நேரத்தில் சூடாகி அணைந்துவிடுகிறது. தனுஷ்கோடி பக்கம் போனால் மேப்பே வருவதில்லை. வீட்டில் படகுக்கு வாங்கிய கையடக்க ஜிபிஎஸ் சும்மா கிடக்கிறது. அதையே காரில் வைத்துக்கொள்ளலாமா? துபாயில் இருக்கும் மச்சான் கார் நேவிகேட்டர் ஒன்று வாங்கி வருகிறேன் என்கிறார். வாங்கச் சொல்லலாமா?

பதில்: படகுக் கருவியைக் காரில் வைக்கலாம். இருக்கும் இடத்தைத் துல்லியமாகக் காட்டும், ஆனால் வழி சொல்லாது. கடலில் பாயிண்ட் (ஓர் இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்) போட்டு ஓடுவதற்குச் செய்த கருவி அது. அதற்குத் தெரிந்ததெல்லாம் இங்கிருந்து அங்கே ஒரு நேர்கோடுதான். தொண்டியில் நின்றுகொண்டு ராமேஸ்வரம் கோயில் பாயிண்டைக் கொடுத்தால், பாக் விரிகுடாவுக்கு மேலே கோடு போட்டு 32 என்று காட்டும். அது நாட்டிகல் மைல். ஒரு நாட்டிகல் மைல் 1.852 கி.மீ. என்பதால் நேர்கோட்டில் ஏறக்குறைய 60 கி.மீ. ஆகிறது. தேவிபட்டினம், ராமநாதபுரம், மண்டபம் வழியாகச் சாலையில் போனால் நூறு கி.மீ. சொச்சம். 32-ஐப் பார்த்துவிட்டு முக்கால் மணியில் போய்விடலாம் என்று கிளம்பினால் பாம்பன் பாலத்தைக்கூடத் தொட்டிருக்க மாட்டீர்கள்.

படகுக் கருவியில் இருக்கும் பாயிண்டைப் போன் மேப்புக்கு மாற்றும்போதும் ஒரு பிழை அடிக்கடி நடக்கிறது. படகுக் கருவிகள் பெரும்பாலும் டிகிரி, நிமிடம், நிமிடத்தின் தசமம் என்று காட்டும். போன் மேப்புக்குப் பழக்கம் டிகிரியின் தசமம். ராமேஸ்வரம் கோயில் போன் கணக்கில் வடக்கு 9.288, கிழக்கு 79.317. அதே இடம் படகுக் கருவியில் 9°17.28', 79°19.02'. நிமிடத்தை 60-ஆல் வகுத்து டிகிரியோடு கூட்ட வேண்டும்: 17.28-ஐ 60-ஆல் வகுத்தால் 0.288. வகுக்காமல் 9.1728, 79.1902 என்று அப்படியே தட்டிவிட்டால் புள்ளி ஏறக்குறைய 19 கி.மீ. தள்ளி, குருசடைத் தீவுக்கும் தெற்கே மன்னார் வளைகுடாவுக்குள் போய் விழும். கடலில் விழுந்தால் பார்த்ததும் தெரிந்துவிடும். உள்நாட்டுப் பாயிண்ட் என்றால் ஏதாவதொரு ஊரில்தான் விழும், யாருக்கும் சந்தேகம் வராது. கருவியின் செட்டிங்கில் மேப் டேட்டம் (புள்ளிகளை அளக்கும் அடிப்படை முறை) என்ற இடத்தில் டபிள்யூஜிஎஸ் 84 இருக்கிறதா என்றும் பாருங்கள். வேறு ஏதாவது இருந்தால் புள்ளி சில நூறு மீட்டர் நகர்ந்து நிற்கும்.

அடுத்தது தனுஷ்கோடி. அங்கே மேப் வராததற்குச் சாட்டிலைட் காரணமில்லை. ஜிபிஎஸ் சாட்டிலைட்டுகள் சுமார் 20,200 கி.மீ. உயரத்தில் சுற்றுகின்றன. நான்கு தெரிந்தால் இடம் கிடைத்துவிடும். கட்டடமும் மரமும் இல்லாத தனுஷ்கோடி மணலில் வானம் முழுக்கத் திறந்து கிடக்கிறது, அதைவிட நல்ல இடம் எது? நின்றுபோவது டவர் வழியாக வரும் மேப் படம். டவர் இல்லாவிட்டாலும் போனின் ஜிபிஎஸ் தன் வேலையைச் செய்துகொண்டுதான் இருக்கும். வெற்றுச் சாம்பல் திரையில் நீலப் புள்ளி நகர்வதைப் பார்த்திருப்பீர்களே, அது இதுதான்.

ஆகவே ராமநாதபுரம் மாவட்டம் முழுவதையும் வீட்டு வைஃபையிலேயே ஆஃப்லைன் மேப்பாக இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். கூகுள் மேப்பில் மேலே வலப்பக்கம் உங்கள் படத்தைத் தொட்டால் ஆஃப்லைன் மேப்ஸ் வரும். அதில் பகுதியைத் தேர்ந்தெடுக்கும் கட்டத்தைத் தொண்டியிலிருந்து, தனுஷ்கோடிக்கு அப்பால் சாலை முடியும் அரிச்சல்முனை வரை இழுத்துவிட்டு இறக்குங்கள். இறக்கிய மேப்புக்குக் காலாவதி உண்டு, கிளம்புவதற்கு முந்தைய நாள் திறந்து பார்த்துவிடுங்கள். ஆர்கானிக் மேப்ஸ் போன்ற செயலிகள் முழுக்க ஆஃப்லைனிலேயே ஓடும். போக வேண்டிய இடத்தை வீட்டு வாசலிலேயே போட்டு, புள்ளி நிலைத்த பிறகு வண்டியை எடுங்கள். டேட்டா இல்லாத இடத்தில் புதிதாகத் தொடங்கினால், ஒவ்வொரு சாட்டிலைட்டும் தன் பாதை விவரத்தை அனுப்பி முடிக்கவே 30 விநாடி பிடிக்கும். நடுவில் விட்டுப்போனால் மறுபடி முதலிலிருந்து. இன்னொன்று, முனைப் பக்கம் போன் இலங்கை டவரைப் பிடித்துக்கொண்டால் ரோமிங் கட்டணம் ஏறலாம். டேட்டா ரோமிங்கை அணைத்து வையுங்கள்.

இனி சூடு. உங்கள் உண்மையான பிரச்சினை இதுதான். ராமநாதபுரத்திலிருந்து ராமேஸ்வரம் ஏறக்குறைய கிழக்கு. காலையில் போகும்போது சூரியன் எதிரே, சாயங்காலம் திரும்பும்போதும் எதிரே. முன்கண்ணாடியில் ஒட்டிய போனின் திரை நிழலில் இருக்கிறது, முதுகுதான் வெயிலைத் தாங்குகிறது. அந்த முதுகில்தான் பேட்டரி. அதோடு திரை முழு வெளிச்சத்தில், ஜிபிஎஸ் ஓட்டத்தில், கூடவே வேகச் சார்ஜரும் என்றால் அரை மணி தாங்குவதே அதிகம். ஐபோனுக்கு அதைச் செய்த நிறுவனமே சொல்லும் சுற்றுப்புற வரம்பு 35 டிகிரி. நம் ஊர்ச் சித்திரையில் வீட்டு நிழலே அதைத் தாண்டிவிடும்.

போனைக் கண்ணாடியிலிருந்து எடுத்து ஏசி காற்றுவாயில் மாட்டும் பிடிப்பானில் வையுங்கள். குளிர்காற்று நேரே முதுகில் படும். கனமான கவரைக் கழற்றிவிடுங்கள். வேகச் சார்ஜருக்குப் பதில் 5 வோல்ட், 2 ஆம்பியர் சாதாரண சார்ஜர் போதும். கிளம்பும்போதே 80 சதவீதம் இருந்தால் பாதி வழி சார்ஜ் இல்லாமலே போகலாம். நேரான சாலையில் திரையை அணைத்துவிட்டுத் தமிழ்க் குரலை மட்டும் கேட்டுக்கொண்டு ஓட்டலாம். ஓட்டும்போது போனைக் கையில் எடுப்பது மட்டும் வேண்டாம். வழி பார்ப்பதற்கு, கவனம் சிதறாத வகையில் பயன்படுத்தத்தான் மோட்டார் வாகன விதி இடம் தருகிறது.

இவ்வளவும் செய்தால் மாதம் ஒருமுறை போகிறவருக்குத் தனி நேவிகேட்டர் தேவையில்லை என்பதே எங்கள் கருத்து. தினமும் சுற்றுலா வேன் ஓட்டுகிறவருக்கு அது உதவும். போனுக்கு அழைப்பு வந்தாலும் வழி மறையாது, வெயிலையும் கொஞ்சம் கூடுதலாகத் தாங்கும். ஆனால் அதற்கும் எல்லை உண்டு. 45 டிகிரிக்கு மேல் சார்ஜ் ஏறாது என்று சில மாடல்களின் கையேட்டிலேயே இருக்கிறது. உள்ளே இருக்கும் பேட்டரியும் ஒரு மணி நேரம் தாங்கினால் பெரிது.

மச்சான் வாங்கியே தீருவேன் என்றால் இரண்டு விஷயங்களைச் சொல்லி அனுப்புங்கள். துபாய்க் கடையில் விற்கும் பெட்டியில் பெரும்பாலும் வளைகுடா நாடுகளின் மேப்தான் இருக்கும். இந்திய மேப் அந்த மாடலுக்குக் கிடைக்குமா, தனிக் காசா என்று வாங்கும் முன் கேட்க வேண்டும். மற்றது, சாட்டிலைட் வழியாகச் செய்தி அனுப்பும் இன்ரீச் போன்ற கருவி வேண்டவே வேண்டாம். தொலைத்தொடர்புத் துறையின் அனுமதி இல்லாமல் அதை இந்தியாவுக்குள் கொண்டுவந்தால் விமான நிலையத்திலேயே வழக்கு. சிக்னலை வாங்க மட்டும் செய்யும் சாதாரண நேவிகேட்டருக்கு இந்தச் சிக்கல் இல்லை.

மேப் எவ்வளவு பழையது என்று பார்க்க நம் ஊரிலேயே ஒரு சோதனை இருக்கிறது. அரிச்சல்முனைக்கு வழி கேளுங்கள். முகுந்தராயர் சத்திரத்தோடு சாலைக் கோடு நின்றுபோனால், 2017-இல் முனை வரை சாலை திறந்ததற்கு முந்தைய மேப் அது. பழைய கருவி தேதியைப் பத்தொன்பது, இருபது ஆண்டு பின்னால் காட்டினால் பயப்பட வேண்டாம். தேதிக்காக ஜிபிஎஸ் எண்ணிவரும் வார எண் 2019 ஏப்ரலில் சுழியத்துக்குத் திரும்பியதன் விளைவு அது, இடம் பெரும்பாலும் சரியாகவே இருக்கும்.

நேவிகேட்டரைக் கண்ணாடியில் மாட்டும்போது கவனம். கடற்காற்றில் கண்ணாடியின் உட்புறமும் உப்புப் படலம் படியும், அதன்மேல் உறிஞ்சுகிண்ணம் நிற்காது. ஈரத்துணியால் துடைத்து, உலர்ந்த துணியால் இன்னொரு முறை துடைத்துவிட்டு ஒட்டுங்கள். சிகரெட் லைட்டர் சாக்கெட்டின் பித்தளையில் பச்சை பூத்திருந்தால் கருவி விட்டுவிட்டு அணையும். வண்டியை அணைத்துவிட்டுச் சுரண்டி எடுங்கள். முழுக்க உயிரே இல்லை என்றால் பிளக்கின் முனையைத் திருகிக் கழற்றிப் பாருங்கள், பல பிளக்குகளில் உள்ளே சின்னக் கண்ணாடி ஃபியூஸ் இருக்கும். அது கருகியிருந்தால் அதே ஆம்பியரில் மாற்றுங்கள். பழைய நேவிகேட்டர்களைச் சாதாரண யூஎஸ்பி கேபிளில் செருகினால் திரையில் கணினிப் படம் வந்து அப்படியே நின்றுவிடும். பழுது இல்லை, கூடவே வந்த கார் கேபிளைப் போட்டால் சரியாகிவிடும்.

வழித் தேர்வில் 'குறைந்த தூரம்' வேண்டாம், 'குறைந்த நேரம்' வையுங்கள். மண்சாலையைத் தவிர் என்பதையும் போட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் இரண்டு கி.மீ. மிச்சம் பிடிக்கக் கண்மாய்க் கரையில் ஏற்றி, சீமைக்கருவேலத்துக்கு நடுவே கொண்டுபோய் நிறுத்தும். திரும்பக்கூட இடமிருக்காது.

தேடும்போது ஊர்ப் பெயரோடு மாவட்டத்தையும் சேர்த்துப் போடுங்கள். திருநெல்வேலி மாவட்டத்திலும் ஓர் ஏர்வாடி உண்டு, உங்களுக்கு வேண்டியது ஏர்வாடி தர்கா. கீழக்கரையை ஆங்கிலத்தில் மூன்று நான்கு விதமாக எழுதுகிறார்கள், ஒன்றில் வராவிட்டால் தமிழிலேயே தட்டுங்கள். மண்டபம் என்று மட்டும் போடாதீர்கள், பக்கத்துக் கல்யாண மண்டபங்களையெல்லாம் வரிசையாகக் காட்டும். மண்டபம் ரயில் நிலையம் என்று போடுங்கள்.