ஒதுக்குவது எதை?

கேள்வி: வேலை, வீடு எல்லாம் போக எனக்குப் படிக்கக் கிடைப்பது இரவில் ஒரு மணி நேரம். அதைப் பக்தி நூல்களுக்கு அதிகம் ஒதுக்குவதா, இலக்கியத்துக்கா? (வாசகர், கும்பகோணம்)

பதில்: ‘ஒதுக்குவது’ என்ற சொல்லில்தான் சிக்கலே. ஒன்றுக்கென்று எடுத்து வைப்பதும் ஒதுக்குவதுதான், வேண்டாமென்று தள்ளுவதும் ஒதுக்குவதுதான்.

உங்கள் ஊரில் நடந்ததையே சொல்கிறேன். 1880இல் கும்பகோணம் கல்லூரித் தமிழாசிரியர் உ.வே.சாமிநாதையருக்கு வயது 25. முன்சீபாக வந்திருந்த சேலம் இராமசுவாமி முதலியார், என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்று அவரிடம் கேட்டார். அந்தாதி, உலா, கோவை, தலபுராணம் என்று ஐயர் அடுக்கினார். திருவாவடுதுறை மடத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் வருஷக்கணக்கில் பாடம் கேட்டவர் அல்லவா! முதலியார் அசையவில்லை. சீவக சிந்தாமணி படித்ததுண்டா என்றார். ஐயர் படித்ததில்லை.

அப்புறம் அதன் பொருளைத் தெரிந்துகொள்ள ஐயர் போனது ஊரிலிருந்த சமணர் வீடுகளுக்கு. அவர்களுக்கு அது பாராயண நூல். 1887இல் அவர் அதைப் பதிப்பித்தபோது சைவர்கள் சிலர் முகம் சுளித்தார்கள். பழைய கோபம் அது. சோழ மன்னன் சிந்தாமணியில் மயங்கிக் கிடந்ததைப் பொறுக்காமல்தான் சேக்கிழார் பெரியபுராணம் பாடினார் என்று சைவ மரபே சொல்கிறது. ஆனால் அந்தக் கோபத்தில் பிறந்த நூலில் கண்ணப்பர் கதையைப் படித்துக் கண் கலங்காமல் என்னால் இருக்க முடிந்ததில்லை.

சிந்தாமணி பக்தி நூலா, இலக்கியமா? பாடிய திருத்தக்க தேவர் சமணத் துறவி. கதாநாயகனுக்கோ எட்டுக் கல்யாணம்; மணநூல் என்றே அதற்கு ஒரு பெயர். கடைசியில் அவன் அரசைத் துறந்து முக்தி அடைகிறான்.

உங்கள் சாமியைக் கும்பிட்டுப் பாராயணம் செய்யும் நேரத்தைப் படிப்புக் கணக்கில் சேர்க்காதீர்கள். அது வேறு. இரவு ஒரு மணி நேரம் முழுக்க இலக்கியத்துக்கே இருக்கட்டும். அதில் அடுத்தவர் மதத்து நூல்களும் வரட்டும். கிறிஸ்தவர்களின் தேம்பாவணியும் முஸ்லிம்களின் சீறாப்புராணமும் நல்ல தமிழ்க் காப்பியங்கள். அடுத்த வீட்டுப் பூஜையறை என்று நினைத்து நாம் எட்டிப் பார்க்காமலே விட்டுவிட்டோம்.

ஒரு விஷயம், இதை எத்தனை முறை எழுதினாலும் எனக்கு ஆறாது. சிந்தாமணியை ஏடு ஏடாக ஒப்பிட்டு, நச்சினார்க்கினியர் உரையையும் சேர்த்துக் கொடுத்தார் ஐயர். இன்று உரையை எடுத்துவிட்டு மூலத்தை மட்டும் கெட்டி அட்டையில் போட்டு விற்கிறார்கள். களைத்துப்போய் உட்காரும் மனிதர் அதை எப்படிப் படிப்பார்? சொல் பிரித்து, அடியிலேயே பொருள் போட்ட பதிப்பாகப் பார்த்து வாங்குங்கள்.